இரண்டு விரல் உயரம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். கத்தி முடித்த பிறகு என்ன சொல்ல வந்தோம் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. எழுதும்போது குறுக்கே பேச முடியாது என்பது ஒரு வசதி.

வருடம் பிறந்த அன்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். "நீ அம்மாவ அளந்துட்டுப் போனவதானே, என்னிக்காவது பாத்துட்டுப் போயிருக்கியா?" என்றாய். நான் வந்து பதினைந்து மாதம் ஆகிறது என்று எனக்கும் தெரியும். ரயிலில் ஒன்பது மணி நேரம். தூரத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. இந்தப் பதினைந்து மாதமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அடுத்த வாரம் உன் வாசலுக்கே வரும்.

புது வண்டி. எங்கள் கார் கம்பெனி ஊழியர்களுக்கு ஒதுக்கிய முதல் நூறில் ஒன்று. உன் ஓட்டுநர் பள்ளியில் நிற்கும் பழைய தவளைக் காரை எடுத்துப் போக ஆள் வரும். பேசாமல் கொடுத்துவிடு. பதினெட்டு வருட வண்டி. அதில் வாராவாரம் வியாழக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு பெரியம்மா இருக்கும் மேட்டுத் தெருவுக்கு நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஊரே தவளை என்று கூப்பிடும் ஒரு சின்ன காரைத் திருத்தி வரைவது லேசான காரியம் இல்லை. வாங்குகிறவர்கள் எதுவும் மாறக்கூடாது என்கிறார்கள், ஆனால் புதிதாக இருக்கவேண்டும் என்கிறார்கள். கூரையைத் தாழ்த்தினோம், எரிபொருள் மிச்சமாகும். கதவுக்குக் கீழே இருக்கும் படியைத் தடிப்பாக்கி உயர்த்தினோம், பக்கவாட்டில் யாராவது வந்து இடித்தால் உள்ளே இருப்பவர் பிழைப்பார். கூரை இறங்கியதால் சீட்டும் இறங்கியது. எல்லாவற்றுக்கும் நியாயம் இருக்கிறது.

ஏறி இறங்கும் வசதி என் பொறுப்பு. அம்மா அட்டையில் வைத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். உனக்கு நினைவிருக்கும். முதல் தவளையை வரைந்தபோது எங்களிடம் இருந்த உடல் அளவுகள் எல்லாம் வாட்டசாட்டமான இளைஞர்களுடையவை. நான் லீவில் வந்து, அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, தையல் டேப்பால் தலை முதல் கால் வரை அளந்து ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு போனேன். பிறகு அம்மாவே தொழிற்சாலைக்கு வந்து மரத்தில் செய்த மாதிரிக் கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு விரல் ஒசத்துங்க" என்றாள். உயர்த்தினோம். அந்த வண்டி இத்தனை வீட்டு வாசலில் நிற்பதற்கு அந்த இரண்டு விரலும் ஒரு காரணம் என்று இன்றும் நம்புகிறேன். இப்போது புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள்கூட "அம்மாவுல பாத்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள், யாருடைய அம்மா என்று தெரியாமலே.

புது வண்டியில் அம்மாவுக்கு என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்று எழுது.

அக்கா


ஜனவரி 29

அன்புள்ள ஸ்கேல் அக்காவுக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. தெருவில் இருக்கும் அத்தனை பேரும் ஆளுக்கொரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் சுற்றிச் சுற்றி வந்து, "என்னங்க, தவள எளச்சுப் போச்சு?" என்றார். "டயட்ல இருக்கு டாக்டர்" என்றேன். முன்னால் இருந்த உருண்டைக் கண்ணை எல்லாம் எடுத்துவிட்டீர்களே, இப்போது தூக்கம் கலைந்த பூனை மாதிரி முறைக்கிறது. ஆனால் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய். பொய் சொல்ல மாட்டேன்.

பழைய வண்டியை எடுக்க வந்த ஆள் பக்கத்து சீட்டின் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு சார்?" என்றார். "எங்கம்மாவுக்கு" என்றேன். சும்மா சொல்லவில்லை. ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் தப்புப் பண்ணினால் நான் மிதிப்பதற்காக வைத்ததுதான். அதனால்தானே ஊரில் என்னை பிரேக் சார் என்கிறார்கள். ஆனால் வியாழக்கிழமைகளில் நான் ஓட்டுவேன், அம்மா அந்த சீட்டில் இருப்பாள். நான் கொஞ்சம் வேகம் பிடித்தால் போதும், ஒரே மிதி. பின்னால் வருகிறவன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். அம்மா ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

வண்டி கிளம்பியபோது அவள் ஜன்னலில் நின்று, "பாத்துப் போ" என்றாள். ஓட்டிப் போனவனிடம் சொல்லவில்லை, வண்டியிடம் சொன்னாள்.

புது வண்டியில் அம்மா ஏறிப் பார்த்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொன்னாள். சீட் துணியின் நிறம் பிடித்திருக்கிறது என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இந்த வியாழன் பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவுக்கு லேசாக ஜலதோஷம்.

பிரேக்


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பூனை என்றதை எங்கள் ஸ்டைலிங் தலைவரிடம் சொன்னேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா சொன்னதை ஒரு கூட்டத்தில் வாசித்தும் காட்டினேன். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

நேற்று அம்மாவுடன் போனில் பேசினேன். குரல் மணி மாதிரி இருந்தது, ஜலதோஷத்துக்கு அடையாளமே இல்லை. "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், நீ வேலையப் பாரு" என்றாள்.

எனக்குச் சில விவரம் வேண்டும். நிதானமாகப் பார்த்து எழுது. ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாள்? கை எதைப் பிடிக்கிறது, கதவையா, டாஷ்போர்டையா? உட்கார்ந்துவிட்டுக் காலை உள்ளே எடுக்கிறாளா, கால் வைத்துவிட்டு உட்காருகிறாளா? இறங்க எத்தனை நொடி ஆகிறது?

விற்பனை தொடங்கும் நாள் நெருங்குகிறது. அது முடிந்ததும் வருகிறேன்.

அக்கா


பிப்ரவரி 18

அக்காவுக்கு,

எந்தக் கால் முதலில் என்று கேட்டிருக்கிறாய். என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கே எந்தக் கால் எதில் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மண்டை காய்கிறது. இதற்கெல்லாம் கடிதத்தில் பதில் எழுத வராது.

போன் குரலை வைத்து எதையும் முடிவு பண்ணாதே. அம்மா இருபத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள். பக்கத்து வீடு தீப்பிடித்து எரிந்தாலும் அதே குரலில்தான் "லைன்ல இருங்க" என்பாள்.

ஒரு தடவை நேரில் வந்து பார். முடிந்தால்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

பெரியம்மாவிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்திருக்கிறது. எனக்கு அவர் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து நடுங்குகிறது. அப்படியே தருகிறேன்.

"உன் அம்மா ஆறு வாரமாக வரவில்லை. ஜலதோஷம் என்று எழுதியிருக்கிறாள். ஆறு வார ஜலதோஷம் நான் கேள்விப்பட்டதில்லை. என் மேல் கோபமா என்று நீ கேட்டுச் சொல்வாயா? நான் ஏதாவது சொல்லியிருந்தால் அது காது கேட்காததால் வந்த தவறாகத்தான் இருக்கும்."

படித்துவிட்டு என்னால் வேலை செய்ய முடியவில்லை. அம்மாவும் அவரும் எக்ஸ்சேஞ்சில் அடுத்தடுத்த போர்டில் உட்கார்ந்து பாதி ஆயுளைக் கழித்தவர்கள். அவருக்குக் காது முழுதாகப் போய்விட்டது, போனில் பேச வழியில்லை. முகத்தைப் பார்த்து உதட்டைப் படித்தால்தான் பேச்சு. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படி இறங்குவதும் இல்லை. அம்மா போனால் உண்டு. அந்த ஒரு வியாழக்கிழமையை உன்னால் ஒதுக்க முடியவில்லையா?

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிகிறது. புது வண்டி கிடைத்ததும் ஆள் சேர்ந்திருக்கும், காலையிலிருந்து மாலைவரை பாடம் எடுக்கிறாய். அம்மா கேட்டால் நாளைக்கு, அடுத்த வாரம் என்கிறாய். அவளும் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள், ஜலதோஷம் என்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவள் உனக்குச் செய்துகொண்டிருக்கும் வேலை இது.

"அம்மாவுக்குக் கோபம் எதுவும் இல்லை, அடுத்த வியாழக்கிழமை கட்டாயம் வருவாள்" என்று நான் பெரியம்மாவுக்குப் பதில் எழுதிவிட்டேன். என்னைப் பொய்யாக்காதே.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

எழுதக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணியிருந்தேன். உன் கடிதத்தைப் படித்தபிறகு அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வண்டி வந்த மறுநாள் வியாழக்கிழமை. அம்மா காலையிலேயே தயாராகிவிட்டாள். நல்ல உடை, காதில் முத்துத் தோடு. உன் வண்டியில் முதல் பயணம் இல்லையா? தெருவில் எல்லோரும் பார்க்கட்டும் என்று நான் வண்டியை நடுவாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

நீ கேட்டாயே, எந்தக் கால் முதலில் என்று. வலது கால். பழைய வண்டியில் வைக்கிற மாதிரியே வைத்தாள், படி உயர்ந்திருப்பதால் முன்கால் எலும்பு போய் இடித்தது. சமாளித்து உள்ளே வைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். சீட் இருக்கும் என்று நினைத்த இடத்தில் சீட் இல்லை, இன்னும் கீழே இருந்தது. விழுந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். விழும்போது தலை கூரை விளிம்பில் பட்டது. இடது கால் வெளியிலேயே நின்றது. அந்த முழங்கால் மடங்காமல் போய் ஒரு வருடம் ஆகிறது, உனக்குத் தெரியாது. நான் குனிந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். "பரவால்லடா, பரவால்லடா" என்று சிரித்தாள். "இறங்கிடலாம்மா" என்றேன்.

இறங்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. நான் கையைப் பிடித்து இழுக்கிறேன், தோள் வலிக்கிறது என்கிறாள். பல் டாக்டர் ஓடி வந்தார், அவருடைய நர்ஸ் வந்தார், பிறகு யார் யாரோ வந்தார்கள். "முதுகப் பிடிங்க", "மெதுவா, மெதுவா", "தலையக் குனிங்கம்மா" என்று ஆளுக்கொரு யோசனை. அம்மா கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து நின்றபோது இடுப்புக்குக் கீழே உடை நனைந்திருந்தது. நான் அதைப் பார்க்காதவன் மாதிரி நடந்துகொண்டேன். நான் பார்த்ததைத் தெரியாதவள் மாதிரி அவள் நடந்துகொண்டாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து அந்த எக்ஸ்சேஞ்ச் குரலில் சொன்னாள்: "ரெண்டு வருஷம் தூங்காம செஞ்சிருக்கா அவ. அவகிட்ட நீ ஒரு வார்த்த சொன்னேன்னு தெரிஞ்சுது, அப்பறம் நான் உன்கிட்ட பேசமாட்டேன். நல்லா இருக்குன்னு எழுது."

அடுத்த வாரம் வாடகை வண்டி வரவழைத்தேன். கேட்வரை வந்தாள், வண்டியைப் பார்த்தாள், தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள், தலைவலி என்று திரும்பிவிட்டாள். ஆறு வாரமும் ஆறு காரணம். கார் மேல் அவளுக்குப் பயம் இல்லை அக்கா. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். வாசல் தாண்ட மாட்டேன் என்கிறாள். நீ பெரியம்மாவுக்கு வாக்குக் கொடுத்த வியாழனும் அப்படித்தான்.

நீ அளவு கேட்டாய். என்னிடம் டேப் இல்லை, செங்கல் இருக்கிறது. ஒரு செங்கல் உயரத்துக்குக் கால் தூக்குகிறாள். இரண்டு வைத்தால் முடியவில்லை. கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கவைத்தேன். நீ அன்றைக்கு அளந்தபோது பென்சிலால் போட்ட கோடு அங்கே இன்னும் இருக்கிறது. அதற்கும் அவள் தலைக்கும் நடுவில் என் நான்கு விரல் போகிறது.

உன் அட்டையில் இருக்கும் அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. இங்கே இருக்கிறவளுக்கு எழுபத்தொன்று.

பழைய வண்டியைத் திரும்ப வாங்கலாம் என்று தேடிக்கொண்டு போனேன். உடைக்கிற கிடங்கில் கதவெல்லாம் கழற்றி, கூரையை அமுக்கி வைத்திருந்தார்கள். இரண்டாவது பிரேக் பெடலை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். அடுத்தவன் தப்புக்கு பிரேக் போடுவதுதான் என் தொழில். அந்த வியாழக்கிழமை எனக்குக் கால் எழவில்லை.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

இதை எழுத இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். முதலில் எழுதியவை எல்லாம் விளக்கமாக இருந்தன. கிழித்துவிட்டேன்.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் தேதி இல்லை. வயது இல்லை. பெயர்கூட இல்லை, மேலே "அம்மா" என்று மட்டும் இருக்கிறது. எழுதியவள் நான்தான். தேதி போடாத ஒரு வரைபடத்தை வேறு யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்தால் தொடக்கூட மாட்டேன். இதை இருபது வருடமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா என்றால் அதே அளவில் இருப்பாள் என்று எனக்குள் ஏதோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

உன் செங்கலையும் நான்கு விரலையும் எண்களாக மாற்றினேன். முழங்காலில் மரச்சட்டம் வைத்துக் கட்டிக்கொண்டு மாதிரிக் கூட்டில் நானே ஏறிப் பார்த்தேன். விழுந்தேன். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, இருந்தும் எனக்கு முகம் எரிந்தது. பதினோரு நிமிஷம் என்பதை அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கூட்டம் போடச் சொன்னேன். ஸ்டைலிங் தலைவர் நல்ல மனிதர்தான். "மேடம், நம்ம கஸ்டமரோட சராசரி வயசு முப்பத்தி நாலு" என்றார்.

"அந்த முப்பத்தி நாலுக்கு அம்மா இருக்கமாட்டாங்களா?" என்றேன்.

"அம்மாவுல பாத்துத்தானே நீங்களே சைன் பண்ணீங்க?"

இருந்ததைச் சொன்னேன். யாருடைய அட்டை, எப்போது எடுத்தது, எல்லாம்.

கூரையை இனி யாராலும் தொட முடியாது, தகடு அழுத்தும் அச்சுகள் எல்லாம் செய்து முடித்தாகிவிட்டது. படி உயிர் காக்கிற சமாச்சாரம், அதைக் குறைக்க நானே சம்மதிக்க மாட்டேன். முன் கண்ணாடியின் ஓரத்தூணில் ஒரு கைப்பிடி வைக்கலாம். சீட்டுக்கு அடியில் கட்டை கொடுத்து மூன்றரை சென்டிமீட்டர் தூக்கலாம். உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும், அதனால் எல்லா வண்டிக்கும் முடியாது என்கிறார்கள், அது நியாயம்தான். அம்மாவுக்கு இடிக்காது. உன் நான்கு விரல் எனக்கு ஏழு சென்டிமீட்டர் என்று வருகிறது. அவள் குறைந்த ஏழில் எனக்கு மூன்றரை கிடைக்கிறது. இப்படி ஒரு கணக்கை நான் போடவேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு ஜோடிக் கட்டையும் ஒரு கைப்பிடியும் செய்யக் கொடுத்திருக்கிறேன். இழுத்துப் பார்க்கும் சோதனை முடியப் பத்து நாள் ஆகும். சோதிக்காததை அம்மாவின் அடியில் வைக்க மாட்டேன். ஏப்ரல் 10 ரயிலில் நானே கொண்டுவருகிறேன். பெரியம்மாவுக்கு அதுவரை எதுவும் எழுதாதே. 11ஆம் தேதி நாம் மூன்று பேரும் போய் நிற்கலாம்.

உன்மேல் நான் சாட்டியதை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இதை நேரிலும் சொல்வேன்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

பெரியம்மா போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலையில், தூக்கத்திலேயே. முந்தின நாள் வியாழக்கிழமை.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். "சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போலாம்மா, டாக்டர் வண்டில தூக்கி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன், யாரையும் பாக்காத, கண்ண மூடிக்க" என்றேன். "அவ உக்காந்து பாத்துட்டிருந்தப்ப போகல. இப்ப யாரப் பாக்கப் போறது?" என்றாள். நான் மட்டும் போனேன்.

கூட்டம் கலைந்தபிறகு அவருடைய மருமகள் என்னை பெரியம்மாவின் அறைக்குள் கூப்பிட்டார். ஜன்னல் ஓரத்தில் இரண்டு நாற்காலி, எதிரெதிரே. ஒன்றின் மேல் கம்பளியை நான்காக மடித்துப் போட்டு, நழுவாமல் கயிற்றால் நாற்காலியோடு கட்டியிருந்தது.

"இது உங்கம்மா சேர். யாரையும் உக்கார விடமாட்டாங்க" என்றார்.

"கம்பளி எதுக்கு?"

"தாழ உக்காந்தா உங்கம்மாவால எந்திரிக்க முடியலயாம். போன வருஷத்துலேர்ந்து கட்டி வெச்சிருக்காங்க. ஒரு மடிப்பு போட்டாங்க, பத்தல. ரெண்டு போட்டாங்க. அவங்களே உக்காந்து உக்காந்து பாத்து நாலுல நிறுத்தினாங்க."

நான் அதன் மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தேன். நீயாக இருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாய். என் கணக்கில் இரண்டு விரல் உயரம்.

நாற்காலிக்குப் பக்கத்தில், தண்ணீர் டம்ளருக்கு அடியில் உன் கடிதம் இருந்தது. "அடுத்த வியாழக்கிழமை கட்டாயம் வருவாள்." அதற்குப் பிறகு வந்த நான்கு வியாழனும் மதியத்திலிருந்தே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. தனியாக வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கட்டையைக் கொண்டுவருகிறாயா இல்லையா என்பது உன் இஷ்டம். நீ வா.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே திரும்பி வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. அங்கே இருந்த மூன்று நாளும் நீயும் நானும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரைக் கொடு, டார்ச்சைக் காட்டு என்பதைத் தவிர வேறு பேசவில்லை. அதனால் எழுதுகிறேன். நேரில் சொல்வேன் என்று எழுதியிருந்ததையும் சொல்லவில்லை. நான் கிளம்பிய அன்று நீ ஸ்டேஷனுக்கு வராதது எனக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

கைப்பிடியும் கட்டையும் மாட்டி முடித்தபோது அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏறிப் பாக்கறியாம்மா?" என்றதற்கு, "இப்ப எதுக்கு?" என்றாள். நீ அப்போது காரின் அடியில் இருந்தாய்.

மறுநாள் நீ பாடம் எடுக்கப் போன பிறகு அவளை மறுபடி அளந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. "மொதல்ல எத்தன, இப்ப எத்தன?" என்று கேட்டாள். "ஏழு சென்டிமீட்டர் கொறஞ்சிருக்கும்மா" என்றேன்.

"எங்க போச்சாம் அது?"

அவளே, "கேட்டு வாங்கிட்டு வா, உங்க ஆபீஸ்லதான் இருக்கும்" என்றாள். சிரித்துவிட்டோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினோம்.

முழங்காலை அளக்கும்போதுதான் கவனித்தேன். அதைப் பிடித்துத் தூக்கினால் வலிக்கிறது, ஆனால் முகத்தில் எதுவும் தெரிவதில்லை. அன்றைக்கும் இப்படித்தான் அளந்திருப்பேன் போலிருக்கிறது, முகத்தைப் பார்க்காமல். நீ வருடம் பிறந்த அன்று சொன்னது அதுதான் என்றால், சரி.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"இருபத்தாறு வருஷம் ஊர்ல இருக்கறவங்க பேசினதெல்லாம் கேட்டேன். ஒண்ண வெளிய சொன்னதில்ல. பழக்கம்" என்றாள். பிறகு, "அவகிட்டயாவது சொல்லியிருக்கணும். ஜலதோஷம்னு எழுதினேன் பாரு" என்றாள். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் சுருட்டினேன்.

ஆபீஸ் செய்தி: கைப்பிடி ஆகஸ்டிலிருந்து எல்லா வண்டியிலும் வரும். சீட் கட்டை கேட்பவர்களுக்கு மட்டும். பழைய அம்மா அட்டையை யாரும் கிழிக்க நான் விடவில்லை. அதன் மேல் "வயது 51" என்று எழுதி, தேதி போட்டேன். பக்கத்தில் "வயது 71" என்று புது அட்டை. இனி எந்த அட்டையும் இரண்டு வருடத்துக்கு மேல் செல்லாது, மறுபடி நேரில் போய் அளக்கவேண்டும் என்று விதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவைப் பார்க்க வருவதற்கு இவளுக்கு ஆபீஸ் உத்தரவு தேவைப்படுகிறது என்று நீ சிரிப்பாய். சிரி.

அக்கா


மே 9

அன்புள்ள ஸ்கேல் அக்காவுக்கு,

இரண்டு வருடம் எல்லாம் ரொம்ப அதிகம். உன் விதியைத் திருத்து.

கிடங்கிலிருந்து கொண்டுவந்த பெடலைப் புது வண்டியில் பொருத்திவிட்டேன். கொஞ்சம் வளைக்கவேண்டியிருந்தது, உன் கம்பெனி வாரண்டி போய்விட்டது என்று நினைக்கிறேன். புகார் கொடுப்பதாக இருந்தால் கொடு.

போன வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே வந்தாள். வீட்டில் போட்டிருக்கும் உடை, காதில் எதுவும் இல்லை. "கதவத் தெற" என்றாள். பல் டாக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், அவர் சட்டென்று உள்ளே போய்விட்டார். நல்ல மனிதர்.

நான் கை கொடுக்கப் போனேன். "தள்ளு" என்றாள். இடது கையால் கைப்பிடி. வலது கால். உட்கார்ந்தாள், விழவில்லை. இடது காலைத் தன் கையாலேயே தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். நாற்பது நொடி. உனக்காக எண்ணினேன்.

எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சும்மா ஊரைச் சுற்றினேன். மேட்டுத் தெருப் பக்கம் திரும்பக்கூடாது என்றுதான் இருந்தேன், பழக்கத்தில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பிவிட்டது. பெரியம்மா வீட்டைத் தாண்டிவிடலாம் என்று வேகம் பிடித்தேன். ஒரே மிதி. வண்டி அந்த வாசலில் சரியாக நின்றது.

ஜன்னல் சாத்தியிருந்தது. அம்மா காலை பெடலிலிருந்து எடுக்கவே இல்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள், கையைக் காட்டிப் போகச் சொன்னேன். இருபது நிமிஷம் இருக்கும். இறங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது, பெரியம்மாவிடம் பேசுகிற மாதிரி, சத்தமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்தி. எனக்கு உதடு படிக்கத் தெரியாது.

திரும்பி வரும்போது, "வண்டி நல்லா இருக்குன்னு அவளுக்கு எழுது" என்றாள்.

"நெஜமாவா, போன தடவ மாதிரியா?"

"நெஜமாத்தான். கை பிடிச்சு ஏற நல்லா இருக்கு. உக்கார நல்லா இருக்கு. போறதுக்குத்தான் எடம் இல்ல."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அம்மா இறங்காமல் கைப்பிடியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"அவ எப்ப வர்றான்னு கேளு. ஸ்டேஷனுக்குப் போலாம்."

கேட்டுவிட்டேன்.

பிரேக்